படலையடியில் ஒரு வழக்கு

2025ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், வெயில் உச்சிக்கு ஏறிய வேளையில், எங்கள் வீட்டுப் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதை ஓட்டி வந்த இளைஞன் ஆசனத்தின் பின்னே பொதிகளை மலைபோல் அடுக்கிக் கயிற்றாற் கட்டியிருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவும் அவனுக்கு நேரமில்லை. என் பெயரை உரத்துக் கூப்பிட்டு, "பார்சல் ஐயா, பதினாலாயிரத்து ஐந்நூறு" என்றான்.

பொதியை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். கறுப்புப் பொலித்தீன் உறை. அதன் மேலே பல சுற்று ஒட்டுநாடா. உள்ளே இருப்பது நாங்கள் கேட்ட பொருள்தானா என்பதை அறிய வேண்டாமா? "தம்பி, ஒருக்கால் உடைச்சுப் பாத்திட்டுக் காசைத் தரட்டோ?" என்று கேட்டேன்.

"ஏலாது ஐயா. காசு தந்தாப் பிறகுதான் உடைக்கலாம். அது எங்கட கொம்பனிச் சட்டம்."

காசை எண்ணிக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் அந்தச் சட்டம் எனக்குப் புதியதன்று. 1971ஆம் ஆண்டிலே தபாற் சேவையிற் சேர்ந்து, 2011இல் ஓய்வு பெறும்வரை நாற்பது ஆண்டுகளாக நானே அதைப் பிறருக்குச் சொல்லி வந்தவன்.

வி.பி.பி. என்ற மூன்றெழுத்தை இன்றைய இளைஞர் அறியார். பொருளைத் தபாற் கந்தோர் கொண்டுவந்து சேர்க்கும். விலையை வாங்குபவரிடம் அறவிட்டு விற்றவருக்கு அனுப்பும். கொழும்பிலிருந்து புத்தகம், பஞ்சாங்கம், லேகியம், சட்டைத்துணி என்று எத்தனையோ சாமான்கள் அவ்விதம் கிராமங்களுக்கு வந்தன. 'கையிற் கிடைத்ததும் காசு' என்று இன்றைய இணையக் கடைகள் பெருமையோடு விளம்பரஞ் செய்வது இந்தப் பழைய வி.பி.பி.யையே. சைக்கிளிலே வந்த தபாற்காரனின் இடத்தில் மோட்டார் சைக்கிள் இளைஞன் வந்திருக்கிறான். காக்கிச் சட்டையின் இடத்தில் நிறச்சட்டை வந்திருக்கிறது. பொதியை உடைக்குமுன் காசைக் கட்ட வேண்டுமென்ற விதிமட்டும் மாறவேயில்லை.

1978ஆம் ஆண்டிலே நான் வன்னிப்புறத்துச் சிறிய தபாற் கந்தோரொன்றிற் கடமையாற்றினேன். அவ்வூர்க் கமக்காரர் ஒருவர் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு கைக்கடிகாரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். பொதி வந்தது. நூறு ரூபாவுக்குக் கிட்டிய தொகை. நெல் விற்ற காசு. கையொப்பமிட்டுக் காசைக் கட்டியவர் என் கண்முன்னே, கந்தோர் விறாந்தையிலேயே பொதியை உடைத்தார். உள்ளே பழைய கடதாசியிற் சுற்றிய ஒரு மரத்துண்டு இருந்தது. அவர் அந்தத் துண்டைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன்பின் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுத முடியாது. "அண்ணை, நான் பொதியைக் கொண்டு வந்து தாறவன் மட்டுந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அது உண்மை. ஆனால், அந்த உண்மையால் அவருக்கு ஒரு சதமும் திரும்பவில்லை. விற்றவன் கொழும்பிலே எங்கோ ஒரு சந்தில் இருந்தான், அகப்பட்டவன் நான். நான் எழுதிய அறிக்கைகளும், அவர் போட்ட பெட்டிசங்களும் போன இடம் தெரியவில்லை.

நிற்க. எங்கள் பொதிக்கு வருவோம்.

என் தமக்கைக்கு வயது எழுபத்தொன்பது. அத்தானின் மறைவுக்குப் பின் என்னோடுதான் இருக்கிறாள். நெடுங்காலமாக இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவள். மாதமொரு முறை கிளினிக்குக்குப் போய்வருவது அவளுக்கு வரவரச் சிரமமாகிவிட்டது. வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து எழுதிக்கொண்டு வந்தால் நல்லதென்று வைத்தியர் சொன்னார். அந்தக் கருவியின் உயிர்நிலை, கையிற் சுற்றும் பட்டியிலே இருக்கிறது. கை பருத்தவர்க்குப் பெரிய பட்டி வேண்டும். சிறிய பட்டியைப் பெரிய கையில் இறுக்கிச் சுற்றினால், இருப்பதைவிடக் கூடுதலான அழுத்தத்தையே அது காட்டும். இதையும் வைத்தியரே சொல்லிவிட்டார். ஆகவே நான் தையல் நாடாவை எடுத்துத் தமக்கையின் மேற்கையை அளந்தேன். 39 சென்ரிமீற்றர் இருந்தது. உயர்தரம் படிக்கும் என் பேத்தி கைத்தொலைபேசியிலே தேடி, 32 முதல் 42 சென்ரிமீற்றர் வரையான கைக்கென்று தெளிவாக எழுதியிருந்த ஒன்றைக் காட்டினாள். படமும் இருந்தது; விலையும் இருந்தது; அதனைப் புகழ்ந்து பலர் எழுதியுமிருந்தனர். அதனையே கேட்டோம்.

வந்த கருவி பார்வைக்கு அழகாகவே இருந்தது. மின்கலத்தைப் போட்டதும் எண்கள் ஒளிர்ந்தன. நானும் பேத்தியும் மகிழ்ந்தோம். தமக்கை ஒரு கொப்பியை எடுத்துக் கோடு கீறி, காலை மாலை என்று பிரித்து எழுதத் தொடங்கினாள். முதல் நாள் 158, 96. மறுநாள் 162, 98. மூன்றாம் நாள் அதற்கும் மேலே. அவள் உப்பைக் குறைத்தாள். பின்பு உப்பையே விட்டாள். இரவிலே நித்திரையின்றி எழுந்திருந்து அளந்தாள். பயந்தவளுக்கு அழுத்தம் ஏறும். ஏறியதைக் கண்டால் பயம் இன்னும் கூடும். ஏழாம் நாள் எவருக்குஞ் சொல்லாமல் ஒரு குளிசையை இரண்டாக்கி மேலதிகமாக அரைக் குளிசை விழுங்கியிருக்கிறாள். எட்டாம் நாளும் அப்படியே. ஒன்பதாம் நாட்காலை கிணற்றடியில் வாளியைத் தூக்கியவளுக்குத் தலை சுற்றியது. நல்லவேளையாக விழவில்லை, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்தக் கல்லுக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையே மூன்றடி தூரமும் இராது.

அன்றே முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். கருவியையும் கொண்டு போனோம். அங்கே தாதி முறைப்படி ஐந்து நிமிடம் ஆறுதலாக இருக்கவைத்துப் பெரிய பட்டியினால் அளந்தபோது 144, 86. எங்கள் பட்டியை வாங்கிப் பார்த்தார் அந்தப் பெண். அதன் ஓரத்திலே எறும்பளவு எழுத்தில் 22 முதல் 32 என்று அச்சிட்டிருந்தது. "ஐயா, இது அம்மாவின்ர கைக்குரிய பட்டியில்லை. கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்தால் இன்னும் கூடும்" என்றார். பட்டி சரியாகச் சுற்றி நின்றதே, ஒட்டிக்கொண்டதே என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டு விரற்கடை ஒட்டினால் அது சுற்றியதாகாது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

தமக்கையை வீட்டிற் கிடத்திவிட்டு, பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு, 'வாடிக்கையாளர் சேவை' என்னும் அந்த வாசலைத் தட்டினேன். தட்டியவுடன் திறந்தது. அதிற் குறைசொல்ல முடியாது. நான் எழுதிய முதற் சொல் முடியுமுன்னே, 'உங்கள் ஆதங்கம் எங்களுக்கு நன்கு விளங்குகிறது' என்று பதில் வந்துவிட்டது. ஆதங்கம் இன்னதென்று நான் இன்னுஞ் சொல்லவேயில்லையே! பேத்தி சிரித்தாள். "தாத்தா, இது மனுசரில்லை, மெசின்" என்றாள். இயந்திரத்தைத் தாண்டி மனிதரிடம் போய்ச் சேர அன்று முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அந்த மனிதர் ஒரு முறைப்பாட்டு இலக்கத்தைத் தந்து, படம் அனுப்பும்படி கேட்டார். அனுப்பினோம். மறுநாள் வேறொருவர் அதே படத்தைக் கேட்டார். மூன்றாம் நாள் வந்தவர் முதலிருவரையும் அறியாதவர்போல, 'உங்களுக்கு நாம் எவ்வாறு உதவலாம்?' என்று ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும் தமக்கையின் கிணற்றடிக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாலாம் தடவை சொல்லும்போது அது எனக்கே யாரோ எழுதிய கதைபோலத் தோன்றிற்று.

இறுதியாக வந்த தீர்ப்பு மூன்று பிரிவாக இருந்தது. கருவி இயங்குகிறது, ஆகவே பழுதன்று. பொருள் கிடைத்து 7 நாட்களுக்குள் அறிவிக்கவில்லை. ஆகவே காலம் கடந்துவிட்டது. அப்படித் திருப்புவதானாலும் அனுப்புஞ் செலவு வாங்கியவருடையது. இதன் கீழே, 'உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஓர் அடையாளமும் இருந்தது.

பழுதான பொருளைத் தந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. எரியாத மின்குமிழ் தான் எரியவில்லையென்பதை ஒளியாமற் காட்டிவிடும். இந்தக் கருவியோ நன்றாக இயங்கிக்கொண்டே பொய் சொன்னது. என் தமக்கை அந்தப் பொய்யை நாளுக்கு இரண்டு முறை தன் கையெழுத்திலே எழுதி வைத்தாள். இதற்குப் 'பழுதன்று' என்பதா விடை?

நாற்பது வருடம் அரசாங்கச் சுற்றுநிருபங்களோடு வாழ்ந்தவனுக்கு, கோபம் வந்தால் சட்டப்புத்தகம் தேடும் பழக்கம் உண்டு. சட்டத்தரணியாக இருக்கும் பழைய மாணாக்க நண்பரொருவர் எனக்காகச் சில பக்கங்களைப் பிரதி செய்து தந்தார். வாசித்தபோது வியப்பாக இருந்தது. நம் நாட்டிலே பொருள் விற்பனையை ஆளுகின்ற கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத்தது; 1893இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தை ஒட்டியது. மாட்டுவண்டியிலே சாமான் போன காலத்தது என்று அதனைத் தள்ளிவிடலாகாது. விவரணத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டுமென்று அது கூறுகிறது. முன்னர் கண்ணாற் காணாத பொருளை, பரிசோதிப்பதற்கு நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார் என்கிறது. மறுக்கும் உரிமையோடு ஒருவர் பொருளை மறுத்தால், வேறு உடன்பாடு இல்லாவிடத்து, அதைத் திருப்பி அனுப்பும் கடமையும் அவருக்கில்லை. மறுக்கிறேன் என்று விற்றவருக்கு அறிவித்தாற் போதும் என்றும் கூறுகிறது. எனக்கு வந்த தீர்ப்பின் மூன்று பிரிவுக்கும் அந்தப் பழைய கட்டளைச் சட்டத்திலே விடை இருந்தது!

ஆனால், 'வேறு உடன்பாடு இல்லாவிடத்து' என்ற அந்தச் சிறு தொடரிலேதான் சூட்சுமம் இருக்கிறது. கடையின் பக்கத்தில் 'சம்மதம்' என்ற கட்டத்தைப் பேத்தி விரலாற் தொட்டாளல்லவா? அந்தச் சம்மதத்தின் பின்னே அச்சிட்டால் இருபது பக்கம் வரக்கூடிய நிபந்தனைகள் இருந்தன. அவற்றை அவளும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. மின்னியல் வடிவிலே செய்யப்பட்ட ஒப்பந்தம், அக்காரணம் ஒன்றினாலேயே வலிதற்றதாகிவிடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. விரலாற் தொட்டது கையொப்பம் போலவே கட்டும். அதே சட்டம் நமக்கும் உதவும். பொருளின் படத்தையும், 32 முதல் 42 என்ற எழுத்தையும் பேத்தி வாங்கிய அன்றே தன் தொலைபேசியிற் படம்பிடித்து வைத்திருந்தாள். வாங்குகின்ற அன்றே இப்படிச் செய்து வைப்பது நல்லது. கடைப்பக்கத்திலுள்ள எழுத்து நாளைக்கும் அப்படியே இருக்குமென்பது நிச்சயமில்லை.

பிறநாடுகளிலே இவ்விடயத்தில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் பணிப்புரை ஒன்றின்படி, கடைக்குப் போகாமல் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமற் கைவிடலாம். சீனாவிலே 2014 தொடக்கம் இதற்கு 7 நாட்கள். இந்தியாவில் 2020இல் வந்த விதிகள், முறைப்பாடு கிடைத்ததை 48 மணித்தியாலத்துள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துள் தீர்க்க ஓர் அலுவலரை இணையக் கடைகள் நியமிக்க வேண்டுமென்கின்றன. காணாமல் வாங்குகிறவனுக்குக் கண்டபின் யோசிக்கச் சிறிது அவகாசம் வேண்டும் என்பதே ஐரோப்பாவும் சீனாவும் வைத்த விதியின் அடிப்படை. இதைச் சட்டத்துக்கு முன்னரே ஒரு வியாபாரி கண்டுகொண்டார். 1872இல் சிக்காகோ நகரிலிருந்து தபால்மூலம் கமக்காரருக்குப் பொருள் விற்கத் தொடங்கிய ஆரன் மொன்ற்கொமறி வாட் என்பவர், 163 பொருள்களை ஒரே தாளில் அச்சிட்டு அனுப்பினார். இது ஏமாற்றென்று சந்தேகித்தவர் பலர். 1875இல் அவர், திருப்தியில்லையேற் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அறிவித்தார். தருமத்துக்காக அவர் அப்படிச் செய்தார் என்று நான் நம்பவில்லை. முகந்தெரியாத கடையை எவரும் நம்பார். நம்பிக்கைக்கு ஈடு வைத்தாலே வியாபாரம் ஓடும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

மனம் மாறினாற் திருப்பலாம் என்ற உரிமையை நம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தரவில்லை. நானும் மனம் மாறவில்லையே! கேட்டதைத் தரவில்லை என்றுதான் சொல்கிறேன். அதற்கு அச்சட்டத்தில் இடமுண்டு. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்திலே அதிகார சபைக்கு முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ அச்சபை கட்டளையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம்; எனினும் எழுத்திலே கொடுப்பதுதான் என் வழக்கம். எழுதத் தொடங்கினேன்.

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாக அதே இளைஞன் அயல்வீட்டுக்குப் பொதியொன்று கொண்டுவந்தான். அவன் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டதும் நான் வெளியே பாய்ந்தேன். ஆம், பாய்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்; எழுபத்து நாலு வயதில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ! றோட்டிலே நின்று, அயலவர் பார்க்க, அந்தப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கள்ளர் கூட்டம் என்றேன். உடைத்துப் பார்க்க விட்டிருந்தால் என் தமக்கைக்கு இந்தக் கதி வந்திருக்குமோ என்றேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை.

"ஐயா, நான் சாமான் கொண்டுவந்து தாறவன் மட்டும்தான்" என்றான்.

எனக்கு 1978ஆம் ஆண்டு விறாந்தை கண்முன் வந்து நின்றது. என் வாயிலிருந்து அதன்பிறகு சொல் வரவில்லை.

உள்ளே கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று மறுத்தான். தமக்கை செம்பிலே தண்ணீர் கொண்டுவந்தபின் படிக்கட்டில் இருந்தான். சம்பளம் என்று எதுவும் இல்லையாம்; கொடுத்து முடித்த பொதிக்குத்தான் காசாம். படலையிலே ஆளில்லாவிட்டாலும், 'காசில்லை, நாளைக்கு வா' என்றாலும், போய்வந்த பெற்றோல் அவனுடையது. ஒருவர் பொதியை உடைத்துப் பார்த்து வேண்டாமென்று விட்டால், உடைத்த பொதியை ஏன் கொண்டுவந்தாய் என்று கந்தோரிலும் ஏச்சு வாங்க வேண்டும். படலையிலே ஏச்சு, கந்தோரிலே ஏச்சு. "ஏசிறவை எல்லாருக்கும் நான்தான் ஐயா அந்தக் கடை. அந்தக் கடையை நானும் கண்டதில்லை" என்றான்.

பிறகு அவன் கேட்ட கேள்வி என்னைத் தலைகுனிய வைத்தது. "பொதியில ஒட்டியிருந்த துண்டில அனுப்பினவற்ற நம்பர் இருக்குமே, ஐயா எடுத்துப் பேசேல்லையோ?"

நாற்பது ஆண்டு தபாற் சேவை! ஒரு பொதியிலே சிக்கல் வந்தால் முதலில் அனுப்புநரைப் பார் என்று எத்தனை புதுப் பையன்களுக்குப் பாடம் சொல்லியிருப்பேன்! தொலைபேசித் திரையிலே தோன்றிய பெரிய கடையின் பெயர் என் கண்ணை மறைத்துவிட்டது. அந்தக் கறுப்புப் பொலித்தீனைத் தமக்கை எறியவில்லை. மடித்து அடுப்படியில் வைத்திருந்தாள். அவன்தான் அதிலிருந்த இலக்கத்தை வாசித்துச் சொன்னான்.

மறுமுனையில் எடுத்தவர் புறக்கோட்டையிலே சிறிய கடை வைத்திருப்பவர், தமிழர். இணையக் கடை என்பது உண்மையிற் கடையன்று, ஒரு சந்தைதான் என்பது அவர் பேச்சிலிருந்தே எனக்கு முழுமையாக விளங்கிற்று. அங்கே இடம் வாடகைக்கு எடுத்தவர் போல அவர் தம் பொருளைக் காட்டுகிறார். காசு முதலிற் சந்தைக்காரரிடம் போகும். அவர்கள் தம் தரகை எடுத்துக்கொண்டு, சில கிழமை கழித்து மிச்சத்தை இவருக்குக் கொடுப்பார்கள். முன்பு பெரிய பட்டியோடு வந்த சரக்கு தை மாதத்தோடு முடிந்துவிட்டதாம். அடுத்த சரக்கு சிறிய பட்டியோடு வந்தது. பழைய படத்தையும் எழுத்தையும் மாற்ற வேண்டுமென்று நினைத்தாராம், மாற்றவில்லை. "என் பிழைதான் ஐயா. எங்க அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு" என்றார். வாடிக்கையாளர் சேவையில் இரண்டு கிழமை முட்டி மோதியும் எவரிடமிருந்தும் கேட்காத வார்த்தை அது. பெரிய பட்டியொன்றை வேறிடத்தில் தேடி எடுத்து, காசு வாங்காமற் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். பதிவுத் தபால் என்றதில் எனக்குத் தனியொரு சந்தோஷம். ஐந்தாம் நாள் வந்துவிட்டது. தமக்கையின் கொப்பியில் அன்று மாலை எழுதிய எண் 146, 88.

அத்துடன் முடிந்ததென்றே நானும் நினைத்தேன். எழுதிய முறைப்பாட்டை அனுப்பாமல் மேசை இலாச்சியிற் போட்டேன். நல்ல மனிதர், தம் பிழையை ஒப்புக்கொண்டார், திருத்தியுங் கொடுத்தார். இனி எதற்கு வழக்கு?

வைகாசி நடுவில் ஒருநாள் பேத்தி தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். அதே பக்கம். அதே படம். 32 முதல் 42 சென்ரிமீற்றர் என்ற அதே எழுத்து. கீழே புதிதாக இரண்டு பேர் வாங்கி, 'நல்ல பொருள், விரைவாகக் கிடைத்தது' என்று நட்சத்திரமும் இட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு என் தமக்கையைப் போல ஒரு தாய் இருக்கக்கூடும். அந்தத் தாய் இப்போது இரவிலே எழுந்திருந்து அளந்துகொண்டிருக்கக்கூடும். அவருடைய வீட்டுக் கிணற்றடியில் துவைக்கிற கல் எங்கே இருக்கிறதோ, யார் கண்டார்!

உடனே புறக்கோட்டைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். மாற்றும்படி எழுதிவிட்டதாகவும், சந்தைக்காரர் அதை இன்னும் 'பரிசீலனை' செய்வதாகவும் சொன்னார். அதுவரை விற்பனையை நிறுத்தலாமே என்றேன். அதற்கு அவர் சற்று மௌனமாக இருந்தார். கடை வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று ஏதோ சொன்னார். பிறகு மெதுவாக, "நீங்க எழுதினா என்னையத்தானே ஐயா கூப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இலகுவான விடை இல்லை. பற்றுச்சீட்டிலே இருப்பது அவர் பெயர். சந்தைக்காரர்களோ தாம் இடங்கொடுப்பவர் மட்டுமே, விற்பவரல்லர் என்று தம் இருபது பக்க நிபந்தனையிற் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களும், 'கொண்டுவந்து தருகிறவர் மட்டும்தான்' என்கிறார்கள் போலும்! படலைக்கு வந்த இளைஞன் அப்படிச் சொன்னபோது நம்பினேன். அவன் கையிற் பெற்றோற் கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. காசை முதலில் வாங்கி, தரகை எடுத்து, படத்தைக் காட்டி, பொருளைத் திருப்பும் நாளையும் தாமே விதித்து, என் முறைப்பாட்டுக்குத் தாமே தீர்ப்பெழுதிப் பச்சை அடையாளமும் இட்டவர்கள் அதைச் சொல்லும்போது எப்படி நம்புவது?

இரண்டு இரவு யோசித்தேன். மூன்றாம் நாள் முறைப்பாட்டைப் புதிதாக எழுதினேன். விற்றவரின் பெயரை எழுதினேன். அவர் தம் பிழையை ஒப்புக்கொண்டு பட்டி அனுப்பியதையும் ஒளிக்காமல் எழுதினேன். சந்தைக்காரரின் பெயரையும் எழுதி, அவர்கள் தந்த தீர்ப்பின் பிரதியை இணைத்தேன். எனக்கு நட்டஈடு வேண்டாமென்றும், அந்தப் பக்கத்திலுள்ள எழுத்தைத் திருத்தவும், அதைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அறிவிக்கவும் கட்டளையிட வேண்டுமென்றும் கேட்டேன். மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. நானே தபாற் கந்தோருக்கு நடந்துபோய்ப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் புறக்கோட்டைக்காரருக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்றிருக்கக் கூடாது. அவர் ஏசவில்லை. "சரி ஐயா" என்றுமட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் அவர் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை.

சென்ற கிழமை விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தது. இரு தரப்பாரையும் அழைத்திருக்கிறார்கள். அந்த மனிதரின் முகத்தை முதன்முறையாக அங்கேதான் காணப்போகிறேன்; என்ன சொல்லி வணக்கஞ் சொல்வதென்று தெரியவில்லை. சந்தைக்காரர் சார்பில் யார் வருவார், எவராவது வருவாரா என்பதும் தெரியவில்லை.

தமக்கை தானும் வருவேனென்று நிற்கிறாள். வெயில், பயணம், அழுத்தம் என்று நான் சொன்ன ஒன்றையும் அவள் காதில் வாங்கவில்லை. கொப்பியையும் இரண்டு பட்டிகளையும் ஒரு பையிற் போட்டுக் கட்டி வைத்துவிட்டாள். விசாரிக்கிறவர் கேட்டால் தன் கையை நீட்டி இரண்டிலும் அளந்து காட்டலாமாம்.